ஊட்டிக்கு எப்போது வருகிறீர்கள்?

1

கோவையிலிருந்து கூப்பிடும் சொந்தக்காரர்கள், தோழிகள் எல்லாரும் இப்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்தியே, அது எந்த டேப்லெட் கவிதா? எங்க மாமனாருக்கும் ஒண்ணு வாங்கோணும்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன். எது நல்லது என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். விஷயம் டேப்லெட்டில் தொடங்கி மலையேறப் போகிறது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நாங்கள் என்றால் நான், என் கணவர் சிவக்குமார், எட்டாவது படிக்கும் மகள் மித்ரா. வந்து பல வருஷமாகிவிட்டது. அலுவலகத்தில் ஜெர்மன் மொழியில் சண்டைகூடப் போடுவேன். ஆனால் கடைக்குப் போனால் நாக்கு காலை வாரிவிடும்.

அன்றைக்கு எங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் போய், என் அப்பாவுக்கு ஒன்று வேண்டும், காது சரியாகக் கேட்காது, எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அடுக்கடுக்காகச் சொன்னேன். கடைக்காரப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதற்கு நீங்கள் எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போக வேண்டும்" என்றான். இந்த மொழியில் டேப்லெட் என்றால் கருவி. டப்லெட் என்றால் காப்பி கொண்டுவரும் தட்டு. டப்லெட்டெ என்றால் மாத்திரை. நான் அப்பாவுக்குக் காது கேட்க மாத்திரை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மித்ரா, என்னைத் தெரியாதவள் போல, துணி துவைக்கும் இயந்திரங்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பாவும் எனக்குச் சளைத்தவர் இல்லை. டேப்லெட் வாங்கி அனுப்புகிறேன் என்று போனில் கத்திச் சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இது: "எனக்கு எதுக்கு அம்மணி? பிரஷர் மாத்திரையெல்லாம் சூலூர்லயே கெடைக்குது."

2

அப்பாவின் காது தறிச் சத்தத்தில் போனது. சூலூரைத் தாண்டி எங்கள் வீடு. வீட்டை ஒட்டி விசைத்தறிக் குடோன். அந்தச் சத்தத்துக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எல்லாரும் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். 'நூல் அறுந்துபோச்சு', 'டீ வந்திருச்சு', 'கரண்டு போகப் போகுது' எல்லாமே வாயசைவுதான். அப்பா இருபது அடி தள்ளி நின்று ஒருவர் முணுமுணுப்பதைக்கூடப் படித்துவிடுவார். அவரை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் வாய்க்குள் திட்ட முடியாது.

காது மந்தமான பிறகு போனில் அவருக்குக் காதாக இருந்தது அம்மா. நான் இங்கிருந்து பேசுவதை அம்மா கேட்டு, அவரைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள். அவர் அவள் வாயைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். போனில் எனக்கு அம்மாவின் குரல் இரண்டு முறை கேட்கும். ஒரு முறை என்னிடம், ஒரு முறை அவரிடம். நான் சொன்னதை அவள் தன் இஷ்டத்துக்குச் சுருக்கியும் நீட்டியும் சொல்வாள் என்பது வேறு விஷயம். "மித்ராவுக்கு லேசா சளி" என்பேன். "ஏனுங்க, கொழந்தைக்கு ஒடம்பே செரியில்லையாமா, அந்தக் குளுருல கெடந்து வாடுது" என்று அங்கே போகும்.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அம்மா ஒன்றைக் கேட்பாள். "அப்பா கேக்கறாரு, எப்ப வாரீங்கன்னு." அப்பா கேட்டாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டதே இல்லை. வா என்று கூப்பிட்டால் நமக்குச் சிரமம் என்று நினைக்கிற மனிதர். எங்கள் பக்கத்து மரியாதையே அப்படித்தான். பசியோடு வந்தவர்கூட, "இப்பத்தானுங்க சாப்ட்டு வந்தேன்" என்பார்.

போன வருஷம் பங்குனிக் கடைசியில் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து நான் திரும்பி வந்தபின் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஆளில்லை. வாங்கி வைத்த காது கேட்கும் கருவி, "விசில் அடிக்குது அம்மணி" என்று ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விட்டது. அம்மாவின் பழைய கைப்பேசியில் வீடியோ போட்டால், உள்ளங்கை அளவுத் திரையில் என் வாய் எங்கே, மூக்கு எங்கே என்று அவருக்குத் தெரியாது. "சாப்ட்டீங்களாங்கப்பா?" என்று மூன்று முறை கத்துவேன். "செரி அம்மணி, வெச்சர்றேன்" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். எப்ப வாரே என்று ஒருவர் என்னைக் கேட்க வேண்டும். அம்மாவோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது. கேட்க ஆளில்லாத ஊர் எனக்கு ஊராகவே தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டேப்லெட் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

3

என் கணவருக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். பாக்கு மண்டிக் குடும்பம். எதை வாங்கினாலும் பத்துக் கடை ஏறி இறங்கி, கையில் உருட்டிப் பார்த்து வாங்கும் பரம்பரை. இரண்டு டேப்லெட்களை வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கே பிடிக்காததை இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். அந்தப் பெயரிலேயே சொல்கிறேன்.

கறுப்பில் சிம் போட இடம் உண்டு. வைஃபை இல்லாத இடத்திலும் வேலை செய்யும். குடோனுக்கு எடுத்துப் போகலாம், பஸ்ஸில் வைத்துப் பேசலாம், கரண்டு போனாலும் கவலையில்லை. சிம் இருப்பதால் போகும் இடமும் சரியாகக் காட்டும். ஆனால் அதன் மென்பொருளை இன்னும் கொஞ்ச காலம்தான் புதுப்பிப்பார்கள். பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்துக்கு மட்டும்.

சாம்பலில் சிம் கிடையாது. வைஃபை இருந்தால் அது ராஜா, இல்லாவிட்டால் பலகை. ஆனால் வைஃபையை நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு அறை தள்ளி வைத்தாலும் படம் உறையவில்லை. பல வருஷத்துக்குப் புதுப்பிப்பு உண்டு. முக்கியமாக, வீடியோ அழைப்பில் எதிராளி பேசப் பேசக் கீழே பெரிய எழுத்தில் தமிழில் ஓடும். எதிராளி ஜெர்மனில் பேசினால் மொழிபெயர்த்தும் ஓடும்.

"சிம் இல்லாதது என்னத்துக்கு?" என்றார் கணவர். "உங்கூட்ல ஒரு நாளைக்கு எத்தன தடவ கரண்டு போகும் தெரியுமா? வைஃபை பொட்டி அணைஞ்சா அதுல என்ன மோரா ஊத்திக் குடிப்பாரு?"

"ஏனுங்க, காதே கேக்காதவருக்கு சிம் இருந்து என்ன பண்றது? பஸ்ஸுல ஒக்காந்து கேக்காம இருக்கறதுக்கா?" என்றேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இந்தச் சண்டை போனது. கடைசியில் சாம்பலை என் முன்னால் நிறுத்தி, அப்பாவிடம் பேசுவது போலவே பேசிப் பார்த்தேன். "சாப்ட்டீங்களாங்கப்பா?" என்றேன். 'சாப்பிட்டீர்களா அப்பா?' என்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை யாரோ பட்டுச் சேலை கட்டி மேடையில் நிறுத்தியது போல இருந்தது. அடுத்து "ஏனுங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன். 'ஏன் நுங்கு' என்று விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. பேப்பர்த் தமிழ் பேசினால் பிசிறில்லாமல் எழுதும், நம்ம ஊர்ப் பேச்சு பேசினால் குத்துமதிப்பாக எழுதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. போகப் போகப் பழகிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

கறுப்பைத் திருப்பிக் கொடுத்தோம். சாம்பலை, கோவை போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். சித்தப்பா மகன் சரவணன் அப்பாவுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். அவனே அப்பாவின் வைஃபைப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும் மாட்டி, மேஜையில் டேப்லெட்டுக்கு ஒரு தாங்கியும் செய்து வைத்துவிட்டான்.

4

முதல் நாள் மித்ராவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். "அப்புச்சி, எப்படி இருக்கீங்க?" என்றாள், மனப்பாடம் செய்த குரலில். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்பா கீழே ஓடிய எழுத்தைப் படித்தார். முகம் மாறியது. உரக்கப் படித்தார்.

"பூச்சி, எப்படி இருக்கிறீர்கள்னு போட்டிருக்குது அம்மணி. ஏங்கண்ணு, என்னையப் பாத்தாப் பூச்சியாட்டவா இருக்குது?"

அம்மா போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மித்ராவுக்கு அவள் கைப்பேசியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஓடியது. அவளும் சிரித்தாள். ஒரு சிரிப்பு வந்து இறங்கிய பின்தான் இன்னொரு சிரிப்பு கிளம்பியது. இணையம் கொஞ்சம் மெதுவு.

மித்ராவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையாக இருந்தபோது என்னைப் போலவே பேசுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். நடத்துவது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, தங்கமான மனுஷி. முதல் மாதமே, எங்கே வசிக்கிறாய் என்று கேட்டதற்கு இவள், "எங்கூட்ல" என்றிருக்கிறாள். "ஊடு இல்லைப் பிள்ளை, வீடு எண்டு சொல்ல வேணும்" என்று அவர் திருத்தியிருக்கிறார். எண்டு சொல்லலாம், ஊடு சொல்லக்கூடாது என்று நாங்கள் வீட்டில் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு மித்ரா ஊடு என்று சொன்னதில்லை. பத்து வயதில் அந்த வகுப்புக்கும் போவதை நிறுத்தினாள். அவளிடம் இப்போது மிச்சமிருக்கும் தமிழ், சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் போதும். போதும், வேண்டாம், காரம்.

அதனால் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே அப்புச்சியைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவள் ஜெர்மனில் பேசுவாள், அவருக்குத் தமிழில் விழும். அவர் தறிக் குடோன் குரலில் பேசுவார், இவளுக்கு ஜெர்மனில் விழும். நான் வேலை முடிந்து வரும்போது கதவுக்கு வெளியிலேயே அவர் குரல் கேட்கும். என்னிடம் இரண்டு வார்த்தை பேசி வெச்சர்றேன் என்கிறவர், அவளிடம் கோழி அடை வைத்ததிலிருந்து கரண்டு பில் வரைக்கும் பேசினார். அவள் கணக்கு டீச்சரைப் பற்றி அவரிடம் புறணி சொன்னாள். நடுவில் ஆள் இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

நான் பேசும்போது மட்டும் பழைய கதைதான். அம்மாவின் வருஷத் திதிக்கு ஈஸ்டர் விடுமுறையில் வருகிறோம் என்று நானாகத்தான் சொன்னேன்.

"லீவு கெடைக்குமா அம்மணி? செரமப்பட்டு வர வேண்டாம். சரவணன் இருக்கறான், பாத்துக்குவோம்" என்றார்.

வா என்று சொல்லவில்லை. நான் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

5

அந்த வாரம்தான் மித்ரா சாப்பிடும்போது ஜெர்மனில் கேட்டாள். "அம்மா, ஊட்டி எங்கே இருக்கிறது?"

"ஏன்?"

"அப்புச்சி தினமும் அதையே கேட்கிறார். எப்போது ஊட்டிக்கு வருகிறீர்கள், எப்போது ஊட்டிக்கு வருகிறீர்கள் என்று. அவருக்கு அங்கே போக ரொம்ப ஆசை போல."

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்கும் ஊட்டிக்கும் ஆகவே ஆகாது. மார்கழியில் சூலூரிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள். ஊட்டிக்கு ஆசைப்பட்டவள் அம்மா. ஒவ்வொரு சித்திரைக்கும், "ஏனுங்க, ஒருக்கா ஊட்டி போயிட்டு வரலாமுங்களா?" என்பாள். "குளுரும் அம்மணி, தறிய யாரு பாக்கறது?" என்பார் அப்பா. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. ஊட்டி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் சம்பந்தம் செய்தும் அம்மா மலையேறவில்லை.

இப்போது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை என்ற குறை அவரை அரிக்கிறது. என்னிடம் சொல்லக் கூச்சம். குழந்தையிடம் கேட்கிறார். இதை நினைத்து நினைத்து அழுதேன். கணவரிடம் சொன்னபோது அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உடனே கம்ப்யூட்டரைத் திறந்து ஊட்டியில் அறை தேட ஆரம்பித்தார். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேட்டுப்பாளையத்துச் சொந்தபந்தத்தையெல்லாம் விரட்டி நான்கு பேருக்கு வாங்கிவிட்டார். இறங்கியதும் நேரே ஊட்டி, வருஷத்துக்கு முதல் நாள் வீடு. அப்படித் திட்டம்.

ஊட்டிக்கு இடம் போட்டாச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் திரையில் ஓடியதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். பிறகு, "ஆகட்டும் அம்மணி. நீங்க சொன்னாச் செரி" என்றார். சந்தோஷத்தில்தான் திரும்பப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மித்ராவுக்கு விசா எடுக்க வேண்டியிருந்தது. நானும் அவளும் இந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு மாறிவிட்டோம். எனக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை வந்துவிட்டது. அவளுடையது, புகைப்படத்தில் பின்னணி வெள்ளையாக இல்லை, சாம்பல் அடிக்கிறது என்று திரும்பி வந்தது. ஆகவே இணையத்தில் விசா. வருகையின் நோக்கம் என்று ஒரு கேள்வி. சுற்றுலா, தொழில், மருத்துவம், மாநாடு என்று வரிசையாக இருந்தது. அப்புச்சி வீட்டுக்குப் போக அதில் தனி இடமில்லை. மித்ரா சுற்றுலாவைத் தட்டினாள். பார்க்கப் போகும் இடங்கள் என்ற கட்டத்தில் ஊட்டி என்று போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லையே என்று விட்டுவிட்டேன்.

6

கோவை விமான நிலையத்துக்கு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். கம்பித் தடுப்புக்குப் பின்னால், வேர்த்து வழிந்துகொண்டு, முழுக்கை ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்டு ஒருவர் நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அப்பா. கையில் பெட்டி. தோளில் மஞ்சள் பையில் டேப்லெட்.

"எதுக்கு அப்பா இதெல்லாம் இப்பவே?" என்றேன், வாயை நன்றாக அசைத்து.

"மலையில போயி எடுக்க முடியாதல்லொ" என்றார். அம்மா போனபின் இன்னும் இளைத்திருந்தார்.

சரவணன் கார் கொண்டுவந்திருந்தான். "நேரா மேட்டுப்பாளையம் போயிரலாமுங்கக்கா. பெரியப்பா ராத்திரியெல்லாம் தூங்கலை. பாப்பாவுக்குக் கம்பளி வேணுமேன்னு கடை கடையா ஏறி எறங்குனாரு" என்றான்.

மித்ரா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். இத்தனை மாதம் திரையில் பேசியவர்கள். நேரில் இருவருக்கும் கூச்சம். அப்பா அவசரமாகப் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து அவள் முன்னால் பிடித்தார். அது வெறும் பலகையாக இருந்தது. வைஃபை இல்லை. "நான் அப்பவே சொன்னேன், சிம் வேணும்னு" என்றார் என் கணவர், மூட்டையும் முடிச்சுமாக நின்றுகொண்டு. இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே விமானத்தில் வந்தவர் போல இருந்தது. சரவணன் தன் கைப்பேசி இணைப்பை அதற்கும் மித்ராவின் கைப்பேசிக்கும் கொடுத்தான்.

"அப்புச்சி, ஊட்டிக்குப் போகச் சந்தோஷமா?" என்று மித்ரா ஜெர்மனில் கேட்டாள். அவர் திரையில் தமிழில் ஓடியது.

அப்பா படித்தார். "உனக்குச் சந்தோசம்னா எனக்கும் சந்தோசந்தான் கண்ணு. இந்த ஊரு வெயிலு உனக்குத் தாங்காதல்லொ. அதான் நீ ஊட்டி கேட்டியாட்ட இருக்குதுன்னு..."

"நான் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்."

"நா எங்க கண்ணு ஊட்டி கேட்டேன்? எனக்கு எதுக்கு அந்தக் குளுரு? ஊட்டுக்கு வாங்கன்னுதான சொன்னேன். ஊட்டுக்கு எப்ப வாரீங்க, ஊட்டுக்கு எப்ப வாரீங்கன்னு தெனமும் கேட்டனே."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போது நான் மித்ராவின் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தமிழ், கீழே ஜெர்மன். மேலே இப்படி ஓடியது: 'ஊட்டிக்கு எப்போது வருகிறீர்கள்? ஊட்டிக்கு எப்போது வருகிறீர்கள்?'

என் பெட்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை.

இவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மாதக்கணக்காக, தினமும், வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். நடுவில் நின்ற எழுத்து, எங்கள் வீட்டை மலைமேல் ஏற்றி வைத்துவிட்டது. அவள் ஊட்டிக்கு வருகிறோம் என்றிருக்கிறாள். இவர், பிள்ளை வீட்டுக்கு வர விரும்பவில்லை போல, குளிர்ந்த ஊர்தான் கேட்கிறது போல என்று எண்ணி, ஆகட்டும் என்றிருக்கிறார். நான் என் பங்குக்கு அம்மாவை வைத்து ஒரு பெரிய கதை கட்டி அழுதிருக்கிறேன். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத குடும்பம் நாங்கள். யாருமே போக விரும்பாத ஊருக்கு எல்லாரும் கம்பளியோடு கிளம்பி நிற்கிறோம்.

"அப்பா" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். "நாங்க வாரோம்னு சொன்னப்ப செரமப்பட்டு வர வேண்டாம்னீங்க. கொழந்தகிட்ட மட்டும் ஏனுங்க கேட்டீங்க?"

அவர் குல்லாவை இழுத்துச் சரி செய்துகொண்டார். விமான நிலையமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார். "உன்னையக் கேட்டா நீ இருக்கற வேலையெல்லாம் போட்டுப்போட்டு ஓடியாருவே. கொழந்தகிட்டச் சொன்னா எப்பவாச்சும் உன்ற காதுக்கு வருமல்லொ. இத்தன நாளும் உங்கம்மா கேப்பா. இப்ப அவ இல்லை. நாந்தான கேக்கோணும்?"

நான் அந்தக் கூட்டத்தில் நின்று அழுதேன். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதுவும் அவர் வேர்வையில் நனைந்திருந்தது. மித்ரா ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"அம்மா, ஊடு என்றால் வீடா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "சின்ன வயசில் எனக்குத் தெரியும்."

காரில் ஏறினோம். அப்பா முன்னால் உட்கார்ந்தார். அவிநாசி ரோட்டுக்கு வந்ததும் சரவணன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இடப்பக்கம் திரும்பினால் மேட்டுப்பாளையம், வலப்பக்கம் சூலூர். "எப்படிங்கக்கா, ரயில் டிக்கெட் இருக்குதே?" என்றான். நான் கணவரைப் பார்த்தேன். குதிரைக்கொம்பு வாங்கிய மனிதர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மித்ரா பின்னாலிருந்து எட்டி அப்பாவின் தோளைத் தட்டினாள். அவர் திரும்பினார். கைப்பேசியை மடியில் போட்டுவிட்டு, உதட்டைக் குவித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"ஊட்டுக்குப் போலாங்க, அப்புச்சி."

அப்பா குல்லாவைக் கழற்றினார். "ஏப்பா சரவணா, பச்சைப் புள்ளைய வெயில்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு என்ன யோசன பண்றே? வண்டிய ஊட்டுக்குத் திருப்பு" என்றார்.

7

அம்மாவின் வருஷம் நல்லபடியாக முடிந்தது. ஊட்டிக்குப் போகவில்லை. ரயில் டிக்கெட்டில் என் மாமியார் தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். அங்கிருந்து எங்களுக்கு வர்க்கி பிஸ்கட்டும் வந்தது.

கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வெளியே போகிறவர் என்றால் சிம் போடும் கறுப்பை வாங்குங்கள். காது கேட்காதவர், வீட்டோடு இருக்கிறவர் என்றால் சாம்பல். எதை வாங்கினாலும் மென்பொருளில் சொந்தச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கும். அதைத் திறக்காமல் விடாதீர்கள். மித்ரா கிளம்புவதற்கு முன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசும் சொற்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். அப்புச்சி, அம்மணி, ஊடு, ஊட்டுக்கு. ஊட்டிக்கும் ஊட்டுக்கும் வித்தியாசம் பிடிபட அதற்குப் பல தடவை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

இங்கே திரும்பி வந்த மறுநாள் அப்பா கூப்பிட்டார். நானும் மித்ராவும் உட்கார்ந்தோம். கோழிக் கதை ஆனது, கரண்டு கதை ஆனது. வைக்கும் முன் என்னைப் பார்த்தார். மித்ராவை இல்லை, என்னைப் பார்த்தார்.

"ஊட்டுக்கு எப்ப வாரீங்க அம்மணி?"

இந்த முறை கீழே சரியாகவே விழுந்தது. 'வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள்?' நான் காலண்டரில் ஆடிப் பண்டிகை எந்தத் தேதி என்று தேடினேன். மித்ராதான் பதில் சொன்னாள். "ஆடி நோம்பிக்கு வாரோமுங்க அப்புச்சி."

அவள் சொன்னது அவர் திரையில் வாரம் என்று விழுந்ததோ, பூச்சி என்று விழுந்ததோ, எனக்குத் தெரியாது. அப்பா எழுத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.